முட்டை மைதானத்தில் கொள்ளேகால் பஸ்

தொட்டையனுக்குப் புரியாத வியாபாரம் என்று அதுவரை ஒன்று இருந்ததில்லை. மாடு, நெய், பட்டுக்கூடு, வாடகை வண்டி என்று எல்லாவற்றிலும் கை வைத்து, எதிலும் கையைச் சுட்டுக்கொள்ளாமல் வெளியே வந்தவர். சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேரம் பேசும்போது, எதிராளியின் விரல் நடுக்கத்தை வைத்தே அவன் வீட்டு விவகாரம் வரைக்கும் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷரையும் ஒரு நாள் காலையில் ஒரு வளையம் வாயடைக்க வைத்தது.

மைசூருக்கும் கொள்ளேகாலுக்கும் நடுவே அவர் ஒரு பஸ் ஓட்டினார். ஓட்டினார் என்றால், அவர் ஓட்டவில்லை. ஸ்டியரிங்கைத் தொடுவது முதலாளிக்கு அழகில்லை என்பது அவர் கட்சி. ஓட்டியவன் மார்டள்ளிக்காரன் கரியப்பன். வாயைத் திறந்தால் காற்றுப் போய்விடும் என்பது போல இருப்பான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத் தொட்டையன் அவனுக்கு இரண்டே சட்டம் சொன்னார்.

"ரோட்டுல கை தூக்குனவனை உட்டுட்டு வந்தீன்னா, உன்னையும் நான் உட்டுருவேன். வண்டி நெறஞ்சுதுன்னா அப்புறம் நிக்கப்படாது. எவன் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காம கொள்ளேகாலுக்கு உடு. அவ்வளவுதான்."

கரியப்பன் தலையாட்டினான். அதற்கப்புறம் அந்தச் சட்டங்களை அவன் மீறியதும் இல்லை, அவற்றைப் பற்றி யோசித்ததும் இல்லை.

தொல்லை பசவராஜ் ரூபத்தில் வந்தது. மைசூர்க்காரர், நெய் மண்டி வைத்திருந்தவர், திடீரென்று சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு பஸ்ஸை வாங்கி அதே காலை வேளையில் அதே வழியில் விட்டார். இதில்தான் வம்பு. காலை நடை, அதாவது காலை டிரிப்தான், பஸ்ஸுக்கு உயிர். பட்டுக்கூடு விற்கிறவன், கோர்ட்டுக்குப் போகிறவன், மாதேஸ்வரன் மலைக்கு மொட்டையடிக்கப் போகிற குடும்பம் எல்லாம் வெயில் ஏறுமுன் கிளம்புகிற ஜனங்கள். மத்தியான நடை என்றால் வண்டிக்குள் டிரைவரும் வெயிலும் மட்டும் உட்கார்ந்துகொண்டு போக வேண்டியதுதான். காலை நடை போனால் பஸ்ஸை விற்றுவிட்டு மறுபடி மாட்டு வண்டிக்குப் போக வேண்டும் என்பது தொட்டையனுக்குத் தெரியும். மாட்டு வண்டியை விட்டு வந்தவரை மாடுகூட மதிக்காது என்பதும் தெரியும்.

ஒரு நாள் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பிரயாணியின் வலது கையைத் தொட்டையன் பிடித்தார், இடது கையைப் பசவராஜ் பிடித்தார்.

"இது என் கிராக்கிங்க, உடுங்க!"

"யாவ கிராக்கி? நேத்தே என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு, கேளுங்க!"

இழுத்த இழுப்பில் அந்த ஆளின் சட்டை ஆளுக்குப் பாதியாக வந்தது. அவர் சட்டையில்லாமல் ரயிலுக்கு நடந்தார். கூட்டம் சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான், ரிடையரான என்ஜினியர் ஜகதீசன்.

"ரெண்டு பேரும் இப்படி அடிச்சுக்கிறதுக்குப் பதிலா என் மைதானத்துக்கு வண்டியைக் கொண்டு வாங்கோ," என்றார் அவர். "பத்துச் சுத்து. ஜெயிச்ச வண்டிக்குக் காலை நடை. தோத்தது மத்தியானம். ஊர் பாக்கத் தீர்ந்துபோயிடும்."

ஊர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மாட்டேன் என்று சொல்கிறவன் அங்கேயே தோற்ற மாதிரி. இருவரும் சரி என்றார்கள்.

மறுநாள் மாடு பார்க்கப் போகிறவர் போலத் தொட்டையன் மைதானத்தைப் பார்க்கப் போனார். கொள்ளேகாலுக்குப் போகிற நரசீபுரம் சாலையில், ஊர் முடிந்து புளியமரங்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது அது. முட்டை வடிவத்தில் ஒரு பாதை. இரண்டு பக்கம் நேராக ஓடி, இரண்டு முனையிலும் வளைந்து தன்னைத்தானே பிடித்துக்கொண்டது. வளைவுகளில் வெளியோரத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கி, உள்பக்கமாகச் சரித்திருந்தார்கள்.

"ஏனுங்க சாமி, இது ஏரிங்களா, ரோடுங்களா?"

"எல்லாரும் அதையேதான் கேக்கறா," என்றார் ஜகதீசன் சலிப்பாக.

கதையையும் சொன்னார். சீமையில் படிக்கும்போது இப்படி ஒரு பந்தய வளையத்தைப் பார்த்தாராம். அன்று பிடித்தது பித்து. சர்க்கார் வேலை முடிந்ததும் இந்தப் பொட்டல் காட்டை வாங்கினார். மண் வேலை தெரிந்தவர்கள் என்று ஏரி வெட்டுகிற ஆட்களைக் கூட்டி வந்தார். வெளியோரத்தைத் தூக்கு, உள்பக்கம் சரி என்று அவர் சொல்லச் சொல்ல, அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேட்காமலே மதகுக்கும் இடம் விட்டுவிட்டார்கள். முதல் மழையில் வளையம் நிரம்பித் ததும்பியது. எருமைகள் இறங்கின. வண்ணார் துறைக் கல் போட்டார்கள். பக்கத்துக் கிராமத்துப் பட்டேல் தன் வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று கேட்க வந்துவிட்டார். அப்புறம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, சரளையும் சுண்ணாம்பும் போட்டு, எட்டு மாடு கட்டி உருளை இழுத்து இறுக்கினார்களாம். இரண்டு வருஷம் மோட்டார் சைக்கிளும் சின்னக் கார்களும் பறந்தன. இப்போது கூட்டம் குறைந்துவிட்டது.

"வெளியோரத்தை எதுக்குங்க தூக்கினீங்க?"

"வேகமா திரும்பறச்சே வண்டியை வெளியே தூக்கிப் போடப் பாக்கும் ஓய். மண் சாஞ்சிருந்தா தாங்கிக்கும். ஆனா வேகம் இல்லாதவன் மேலே ஏறப்படாது. சரிஞ்சு கீழே வந்துடுவான்."

"உள்ளோரமாவே போனாங்க?"

"தூரம் கம்மி. ஆனா வளைவிலே மெதுவாத்தான் போகணும்."

இதுமட்டும் தொட்டையனுக்குப் பளிச்சென்று புரிந்தது. மேலே போனால் முழு விலை, உள்ளோரம் தள்ளுபடி. கரியப்பனைத் தள்ளுபடியிலேயே போகச் சொல்ல வேண்டும். மற்றதுதான் பிடிபடவில்லை.

"செரிங்க, இந்த ரோடு எங்க போவுதுங்க?"

"எங்கயும் போகாது. புறப்பட்ட இடத்துக்கே வரும்."

"வந்து?"

"மறுபடியும் போகும்."

"ஆள் ஏறுவாங்களா?"

"ஏற மாட்டா."

"சரக்கு?"

"கிடையாது."

தொட்டையன் வெகுநேரம் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்ரோலை எரித்து, ஆளும் இல்லாமல் சரக்கும் இல்லாமல், கிளம்பின இடத்துக்கே வருவதற்கு ஒரு ரோடு. அதைப் பார்க்க ஜனம். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தாலாவது நிம்மதியாக இருக்கும். கடைசியில், "எந்தப் பக்கமாங்க சுத்தறது?" என்றார்.

"இடப்பக்கமா."

"கோயில்ல வலமாத்தானுங்களே சுத்துவோம்?"

"இது கோயில் இல்லே ஓய்!"

பந்தயம் தீபாவளி அமாவாசைக்கு முந்தின நாள் காலை என்று முடிவானது. அப்போதுதான் கூட்டம் சேரும் என்பது ஜகதீசனின் கணக்கு. அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போகிற ஜனம் அன்றைக்குத்தான் கொள்ளேகாலுக்குப் புறப்படும் என்பது அவருக்குத் தெரியாது. முதலாளிகள் இருவருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் அன்றைய நடையை விட்டு வண்டியைப் பந்தயத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டதும் மற்றவரும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. தொட்டையன் கரியப்பனிடம் உள்ளோரத்தைப் பற்றி மூன்று தடவை சொன்னார். பழைய சட்டம் இரண்டும் இன்றைக்குச் செல்லாது என்று சொல்லத் தோன்றவில்லை. பஸ் நெற்றியில் இருந்த 'மைசூர் – கொள்ளேகால்' பலகையைக் கழற்றவும் தோன்றவில்லை.

சுற்றுகளை எண்ண, இரண்டு தரப்புக்கும் பொதுவாக, மண்டியில் நெல் அளக்கிற லிங்கப்பனை நிறுத்தியிருந்தார்கள். தொட்டையனின் பச்சை வண்டிக்கு மெல்லிய குரல், பசவராஜின் சிவப்பு வண்டிக்குக் கட்டைக் குரல் என்று எண்ணுவதாக அவர் ஏற்பாடு. கொடி விழுந்தது. இரண்டு பஸ்ஸும் இருமிக்கொண்டு கிளம்பின. சிவப்பு வண்டியை ஓட்டிய மாதப்பா துணிச்சல்காரன். வளைவில் மேலே ஏற்றினான். கரியப்பன் உள்ளோரமாகப் போனான். ஒரு சுற்று வந்ததும் லிங்கப்பன் நெல் அளக்கிற ராகத்திலேயே, "லாபம்!" என்றார் மெல்லிய குரலில். உடனே கட்டைக் குரலில், "லாபம்!"

"லாபம்னா ஒண்ணுதானே?" என்று கேட்டார் ஜகதீசன்.

"அளக்கிறப்ப ஒண்ணுன்னு சொல்லப்படாதுங்க சாமி. மொதல் படி எப்பவும் லாபம்தான்."

தொட்டையனுக்கு மனசு குளிர்ந்தது. பச்சை முன்னால், சிவப்பு பின்னால். இதற்கா இத்தனை பயம்?

எதிர்ப்பக்கத்துப் பாதை சாலையை ஒட்டி இருந்தது. செம்மண் புழுதி எழுந்து அந்தப் பக்கத்தையே மறைத்துவிட்டது. வண்டிகளின் கூரை மட்டும்தான் தெரிந்தது. அடுத்த சுற்றில் பச்சை வண்டி வந்தபோது, அதன் ஜன்னலில் ஒரு முக்காடு தெரிவது போல இருந்தது. தொட்டையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புழுதி.

அதற்கடுத்த சுற்றில் மூன்று நான்கு தலைகள். கூரையில் ஒரு கூடை.

"ஏனய்யா, என் வண்டி காலியாத்தானே கெளம்புச்சு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"காலிதான்."

"இப்ப?"

பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். "உள்ளே கோழி இருக்கு," என்றார்.

அதற்குள் இன்னொரு குழப்பம். சிவப்பு வண்டி பச்சைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. "நாமதான் முன்னால!" என்று தொட்டையன் துள்ளினார். "உங்க வண்டியை அது ஒரு தடவை தாண்டிப் போயாச்சு, இப்ப மறுபடியும் பின்னால வருது, அதுதான் முன்னால," என்றான் ஒருவன். "பின்னால வர்றது எப்படிடா முன்னால ஆவும்?" என்றார் தொட்டையன். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். லிங்கப்பன் ஒருவர்தான் நிதானமாக மெல்லிய குரலில் முதலில் "நாலு!" என்றார். உடனே கட்டைக் குரலில், "அஞ்சு!" என்றார்.

தொட்டையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாதையோரத்துக்கு ஓடினார். பச்சை வண்டி வந்தது. வேகமாகப் போ, போ என்று கையை உயர்த்தி வீசினார். அவ்வளவுதான். கரியப்பன் பிரேக்கை மிதித்து, வண்டியை அவர் காலடியிலேயே கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறுங்க முதலாளி. முன் சீட்டு காலியா இருக்குதுங்க."

"டேய்! எதுக்குடா நிறுத்துனே?"

"கை தூக்குனீங்கல்லங்க."

ஜன்னல் வழியாக ஒரு பெண் தலையை நீட்டினாள். கழுத்தில் மஞ்சள் துண்டு, மடியில் கோழிக் கூடை. மலைக்கு வேண்டுதல். "ஏனுங்க, நீங்கதான் முதலாளிங்களா? நான் பழனாத்தாள், மார்டள்ளி. பஸ் நிக்கிற எடத்துல ஒரு வண்டியும் இல்லை. இந்த ரோட்டுலயே எல்லாரும் நடந்து வந்தமுங்க. கரியப்பன் எங்கூருப் பையன், நிறுத்தி ஏத்திக்கிட்டான். அது செரி. ஆனா அதே புளியமரம் மறுக்கா மறுக்கா வருதே, என்னங்க கணக்கு? கூட்டம் நிக்குதே, நடுவுல சாமி இருக்குமாட்டம்னு ரெண்டு தடவை கும்பிட்டேன். அப்பறம் பாத்தா நீங்க இடமாச் சுத்தறீங்க! நோன்பு இருக்கறவங்களை இப்படிப் பண்ணலாமுங்களா?"

"இறங்கும்மா எல்லாரும்!"

"ஏன் இறங்கோணும்? நாங்க கொள்ளேகால் போறமுங்க. போர்டு போட்டிருக்குதல்ல?"

உள்ளேயிருந்து இன்னொருவன், "நரசீபுரம் வந்துட்டுதுங்களா?" என்றான் தூக்கக் கலக்கத்தில்.

தொட்டையனின் மூளைக்குள் ஒரு வண்டி இடமாகவும் இன்னொன்று வலமாகவும் சுற்றின. பக்கத்தில் சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு தாண்டிப் போனது. "எடுடா! எடு! போ!" என்று கத்தினார். கரியப்பன் எடுத்தான். புழுதிக்குள் போனான்.

வரவில்லை.

சிவப்பு வண்டி வந்தது. "ஏழு!" மறுபடி வந்தது. "எட்டு!" பச்சையைக் காணோம். வளைவில் சரிந்து கிடக்கிறதோ என்று நாலு பேர் ஓடிப் பார்த்தார்கள், இல்லை. நடுவில் பழைய எருமைக் குட்டைதான் இருந்தது. மெல்லிய குரலுக்கு வேலையில்லாமல் லிங்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். நுழைகிற இடத்தைக் காத்த ஆள்தான் கடைசியில் சொன்னான். எதிர்ப்பக்கத்தில் இன்னும் ஆறேழு பேர் கை தூக்கினார்களாம், வண்டி நின்றதாம், எல்லோரும் ஏறினார்களாம், அப்புறம் உட்கார இடமில்லையாம். உடனே கரியப்பன் வண்டியைத் திருப்பிச் சாலையில் ஏற்றினானாம். இவன் எத்தனையோ கூப்பிட்டுப் பார்த்தானாம். டிரைவர் திரும்பிப் பார்க்கவே இல்லையாம்.

தொட்டையன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷத்துக்கு முன் தன் வாயால் சொன்ன சட்டம் நரசீபுரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

தனியாக ஓடிய சிவப்பு வண்டி தனியாக ஜெயித்தது. "லாபம், பத்து முழுசு!" என்று லிங்கப்பன் முடித்தார். ஜகதீசன் மாதப்பாவுக்கு மாலை போட்டு, ஊரறியப் பசவராஜின் கையைத் தூக்கி, காலை நடை இவருக்கு என்று அறிவித்தார். பசவராஜ் தொட்டையனிடம் வந்தார். சிரிப்பார் என்று தொட்டையன் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

"பன்னி, வாங்க தொட்டையன்னவரே," என்றார் பசவராஜ் கன்னடமும் தமிழுமாக. "எப்படியும் நீங்க கொள்ளேகால் போகணும். நிம்ம வண்டி இல்லை. என் வண்டியிலயே வாங்க. ஆளுமில்லை, தொரை மாதிரி காலை நீட்டிட்டு வரலாம்."

போட்டிக்காரன் வண்டியில் ஏறுவதைப் போல ஒரு கேவலம் உண்டா என்று தொட்டையன் யோசித்தார். நடப்பதைவிடத் தேவலை என்று ஏறினார்.

அப்புறம் நடந்தது அவருக்கு மேலும் குழப்பம். மாதப்பா மாலையைக் கழற்றவில்லை. பந்தயத்தையும் கழற்றவில்லை. சாலையில் கை தூக்கினவர்களையெல்லாம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் போல நினைத்து, ஒரு கையை ஆட்டிவிட்டுத் தாண்டினான். மூட்டையோடு நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். வளைவு வந்தால் வெளியோரமாக ஏற்றினான். ஒரு கட்டை வண்டி வாய்க்காலில் இறங்கியது.

"நில்லுசோ, மாதப்பா, நில்லுசு! ஆள் நிக்கிறாங்க!" என்று பசவராஜ் கத்தினார்.

"சார், நாளையிலிருந்து நான் என்ஜினியர் சார்கிட்ட," என்றான் மாதப்பா திரும்பாமலே. "ரேஸ் டிரைவர். இது உங்க வண்டியில கடைசி டிரிப்பு. கொஞ்சம் ரசிச்சு ஓட்டறேனே!"

தொட்டையன் காதில் அது விழுந்தது. பசவராஜின் முகத்தையும் பார்த்தார். மைசூர்ச் சீமையில் பஸ் ஓட்டத் தெரிந்தவனைத் தேடிப் பிடிப்பது யானையைப் பழக்குவதைவிடக் கஷ்டமான காலம் அது. காலை நடை கையில் இருக்கிறது. ஓட்ட ஆள் இல்லை. பசவராஜ் சிரிக்காததன் காரணம் மெல்ல விளங்கியது. ஆனால் தோற்றது யார், ஜெயித்தது யார் என்பது இன்னும் விளங்கவில்லை. விளங்காததை முகத்தில் காட்டாமல் இருக்க மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் வழியே கரும்புக் காட்டை எண்ணுகிறவர் போல உட்கார்ந்துகொண்டார்.

காவேரியைத் தாண்டியதும் பசவராஜ் தோளில் இருந்த துண்டை எடுத்து இருவர் மடிக்கும் நடுவே விரித்தார். தொட்டையன் அந்தத் துண்டைப் பார்த்தார். ஜெயித்த மனுஷர் பேரத்தைத் தொடங்குகிறார்.

கையை உள்ளே விட்டார். பசவராஜ் இரண்டு விரலைப் பிடித்தார். வாரத்தில் இரண்டு நாள் காலை நடை உனக்கு என்று அர்த்தம். தொட்டையன் ஒரு மூச்சு விட்டு, கையை உருவிக்கொள்வது போல அசைத்து, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

"தோத்தது நீங்கதானே?" என்றார் பசவராஜ் வாய்விட்டு.

"ஆமாங்க, நான்தான் தோத்தேன்," என்றார் தொட்டையன், விரலை விடாமல்.

பசவராஜ் மூன்று விரலுக்கு ஏறினார்; போதாது என்று தொட்டையன் தலையை ஆட்டினார். வண்டி ஒரு வளைவில் வெளியோரம் ஏறிச் சரிந்தது; இருவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எழுந்தபோது நான்கு விரல் தொட்டையன் கையில் இருந்தது. பசவராஜ் தானாகக் கொடுத்ததா, விழும்போது சிக்கியதா என்று தொட்டையனுக்கு அன்றைக்கும் தெரியாது, அப்புறமும் தெரியாது. பிடித்ததை விடுகிற பழக்கம் இல்லாததால் பிடித்துக்கொண்டார்.

"கொசுறா, உங்களுக்குப் புது டிரைவர் அமையற வரைக்கும் மிச்ச நாளும் நானே ஓட்டிக்கறனுங்க," என்றார். "புதுசா வர்றவனைக் கரியப்பனே பழக்கி உடுவான்."

"வேண்டாம்!" என்றார் பசவராஜ் பதறி. பிறகு, மாதப்பா இன்னும் மூன்று பேரைத் தாண்டிக் கை ஆட்டியதைப் பார்த்துவிட்டு, "சரி, அவனே பழக்கட்டும்," என்றார்.

கொள்ளேகாலில் பச்சை வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. கரியப்பன் படியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான். முதலாளி சிவப்பு வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்து எழுந்தான்.

"அப்பவே ஏறுங்கன்னனே முதலாளி. முன் சீட்டை யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தேன்."

தொட்டையன் அவனை அடிக்கலாமா, மாலை போடலாமா என்று நின்றார். மாலை மாதப்பாவிடம் இருந்தது. அடிக்க, கை இன்னும் நான்கு விரலைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது.

"பந்தயம் என்னாச்சுங்க? ஜெயிச்சமா, தோத்தமா?"

தொட்டையன் யோசித்தார். பிறகு, வியாபாரத்தில் அவர் வாயிலிருந்து ஒரு தடவையும் வராத ஒரு வார்த்தை வந்தது.

"தெரியலைடா," என்றார். "அது கெடக்கட்டும். நாளைக்குக் காலைல வண்டி நம்முதுதான். நேரத்துல எடு."

கரியப்பன் கையில் இருந்த பொரியை வாயில் போட்டுக்கொண்டு சற்று நேரம் யோசித்தான். அவன் யோசித்துத் தொட்டையன் பார்த்ததே இல்லை.

"எந்தப் பக்கமாங்க சுத்தோணும்?"

"நேரா!" என்று கத்தினார் தொட்டையன். "நேராப் போடா!"